பஸ் யாருக்காக?

பஸ் எதற்காக ஓடுகிறது? இதென்ன கேள்வி, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகத்தான் என்று யாரும் சொல்வார்கள். லாரியும் அப்படித்தான். ஓர் இடத்தில் மூட்டையை ஏற்றுகிறது. இன்னோர் இடத்தில் இறக்குகிறது. ஆனால் மூட்டைக்குக் கால் வலிக்காது. மூட்டைக்குப் பயம் கிடையாது. வண்டி வருமா வராதா என்று மூட்டை கவலைப்படாது. மனிதருக்கு இவை எல்லாம் உண்டு.

ஆகவே ஆட்களை ஏற்றும் வண்டியை மூட்டை ஏற்றும் வண்டியைப் போலச் செய்ய முடியாது. பயணியின் உடம்பையும் பார்க்க வேண்டும். மனசையும் பார்க்க வேண்டும்.

கணக்கில் வராதவர்கள்

போக்குவரத்து அலுவலகத்தில் பல கணக்குகள் உண்டு. எத்தனை பஸ் ஓடியது? எத்தனை நடை போனது? எவ்வளவு டீசல் செலவு? எவ்வளவு வசூல்? எல்லாம் தேவையான கணக்குகள்தான். ஆனால் ஒரு கணக்கு அதில் வராது. பஸ்ஸில் ஏறாமலே இருந்துவிட்டவர்களின் கணக்கு அது.

ஒரு பாட்டிக்கு எழுபது வயது. சர்க்கரை நோய் இருக்கிறது. மாதம் ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டும். போன மாதம் பஸ் படியில் ஏறும்போது கால் இடறியது. இந்த மாதம் அவர் போகவில்லை.

ஓர் இளம்பெண்ணுக்கு டவுனில் வேலை கிடைத்தது. வேலை முடிய இரவு எட்டு மணி ஆகும். பஸ் நிற்கும் இடத்தில் விளக்கு இல்லை. கடைசி பஸ் சில நாள் வரும், சில நாள் வராது. வேலையே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஓர் இளைஞர் பஸ்ஸை நம்பி இரண்டு முறை வேலைக்குத் தாமதமாகப் போனார். இரண்டு முறையும் கூலி பிடித்தார்கள். கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டார். இப்போது மாதாமாதம் தவணை கட்டுகிறார்.

மூன்று பேரும் டிக்கெட் எடுக்கவில்லை. அதனால் எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. ஆனால் இழப்பு உண்மையானது. ஒருவருக்கு மருந்து போயிற்று. ஒருவருக்கு வேலை போயிற்று. ஒருவர் கடனில் விழுந்தார். வசதியான பயணம் என்பது சொகுசு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

முதல் படி

பயணம் எங்கே தொடங்குகிறது? படியில் தொடங்குகிறது. படி சரியில்லை என்றால் மற்ற வசதிகள் இருந்தும் பயன் இல்லை.

நம் நாட்டில் நெடுங்காலம் பஸ்களை லாரியின் அடிச்சட்டத்தின் மேல்தான் கட்டினார்கள். சேஸிஸ் என்பது அந்த அடிச்சட்டம். லாரிக்கு உயரமான சட்டம் தேவை. மேடு பள்ளத்தில் பாரத்தோடு போக வேண்டும் அல்லவா? அதே சட்டத்தின் மேல் பஸ்ஸைக் கட்டினால் உள்தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். அவ்வளவு உயரம் ஏறப் பல படிகள் வைக்க வேண்டும். முதல் படியே முழங்கால் உயரத்தில் இருக்கும்.

சேலை கட்டியவர், இடுப்பில் குழந்தை வைத்திருப்பவர், கர்ப்பிணி, முதியவர், மூட்டு வலி உள்ளவர், ஊன்றுகோலோடு நடப்பவர் என்று எல்லோரும் அந்தப் படியில்தான் ஏற வேண்டும். பின்னால் நிற்பவர் தள்ளுவார். "சீக்கிரம் ஏறும்மா" என்று கண்டக்டர் சத்தம் போடுவார். விசில் ஊதிவிடுவார். அந்த ஒரு நிமிடப் பயத்தை நினைத்தே பலர் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

2008-ஆம் ஆண்டு மத்திய அரசின் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரப் பஸ்களுக்கு ஓர் அளவு வகுத்தது. தாழ்தளப் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்றது. அதாவது 40 சென்டிமீட்டர். இது முழங்காலுக்கும் கீழே. இத்தகைய பஸ்ஸில் உள்ளே ஏறப் படிகளே தேவையில்லை. ஓர் எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். நடக்க முடியாதவர் சக்கர நாற்காலியோடு ஏறச் சரிவுப் பலகையும் உண்டு. சென்னை மாநகரில் 2024-இல் தாழ்தளப் பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கின.

தளத்தைத் தாழ்த்துவது ஒரு வழி. நிற்கும் இடத்தை உயர்த்துவது இன்னொரு வழி. குஜராத்தின் அகமதாபாத் நகரில் 2009-இல் 'ஜன்மார்க்' என்ற பஸ் சேவை தொடங்கியது. ஜன்மார்க் என்றால் மக்கள் பாதை. அங்கே பஸ்ஸுக்கு என்று சாலையின் நடுவில் தனிப் பாதை போட்டார்கள். நிலையத்தின் மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டத்தில் உள்ளன. வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவது போலப் பஸ்ஸுக்குள் போகலாம். டிக்கெட்டும் நிலையத்திலேயே வாங்கிவிடலாம். சேவையைத் தொடங்கும் முன் சோதனையாகப் பஸ்களை ஓட்டினார்கள். மக்களை ஏற்றிக்கொண்டு அவர்களின் கருத்தையும் கேட்டார்கள். போட்டுக்கொள்கிறவரின் காலை அளந்த பிறகுதானே செருப்புத் தைக்க வேண்டும்?

பத்து நிமிடம் ஏன் அரை மணி போலத் தெரிகிறது?

பஸ்ஸுக்குள் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பது பெரிதாகத் தெரிவதில்லை. பஸ் வராத நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பது மட்டும் அரை மணி போலத் தெரிகிறது. கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். மனசுக்குள் ஓடும் கடிகாரம்தான் வேறாக ஓடுகிறது.

இதைப் பற்றி அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் காத்திருப்பவரின் மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்னவற்றுள் சில இவை:

சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும்.
எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தெரியும்.
தாமதத்துக்குக் காரணம் தெரியாவிட்டால் எரிச்சல் கூடும்.
பின்னால் வந்தவர் முன்னால் போனால் பொறுக்க முடியாது.
கவலையோடு காத்திருப்பதும் நீளமாகத் தெரியும்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற யாருக்கும் இது புதிதல்ல. போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்களும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெளியே காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, வண்டிக்குள் இருக்கும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாக வைத்துக் கணக்குப் போடுவது அவர்களின் வழக்கம்.

இதற்கு மருந்து என்ன? பஸ்ஸை வேகமாக ஓட்டுவது அல்ல. வேகமாக ஓட்டினால் விபத்துதான் கூடும். அடிக்கடி பஸ் விடுவதுதான் முதல் மருந்து. அது முடியாத இடத்தில் சொன்ன நேரத்துக்கு விடுவது இரண்டாவது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று சொல்வது மூன்றாவது. மெட்ரோ ரயில் நிலையங்களில் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று பலகையில் ஒளிரும். பல நகரங்களில் பஸ் எங்கே வருகிறது என்று செல்போனிலேயே பார்க்க முடிகிறது. வண்டி ஒரு நொடிகூட முன்னால் வருவதில்லை. ஆனாலும் மனசு அமைதியாகிறது. பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்ற தைரியம் வருகிறது.

நான்காவது மருந்து நிழல். மழைக்கும் வெயிலுக்கும் ஒரு கூரை, உட்கார ஒரு திண்டு, இரவில் ஒரு விளக்கு. கைச்செல்போன் இல்லாதவருக்காக ஒரு கால அட்டவணை. ஐந்தாவது மருந்து வரிசை. மும்பையில் பஸ் நிறுத்தங்களில் மக்கள் வரிசையில் நிற்பார்கள். முதலில் வந்தவர் முதலில் ஏறுவார். தன் முறை வரும் என்று தெரிந்தவர் முட்டிமோத மாட்டார்.

நெரிசலும் பயமும்

மும்பைப் புறநகர் ரயிலின் நெரிசல் உலகம் அறிந்தது. காலையிலும் மாலையிலும் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நின்று பயணம் செய்ததாக ரயில்வே கணக்குகள் சொல்லியிருக்கின்றன. ஒரு சதுர மீட்டர் என்றால் மூன்றேகால் அடி நீளம், மூன்றேகால் அடி அகலம். அதற்குள் 14 பேர் எப்படி நிற்பார்கள் என்று வீட்டில் சாக்கட்டியால் கட்டம் போட்டுப் பாருங்கள்.

இந்த நெரிசலில் ஆண்களுக்கு மூச்சு முட்டும். பெண்களுக்கு மூச்சு முட்டுவதோடு பயமும் சேரும். யார் கை எங்கே படுமோ என்ற பயம் அது. 1992-ஆம் ஆண்டு மேற்கு ரயில்வே மும்பையில் பெண்களுக்கு என்றே ஒரு முழு ரயிலை விட்டது. டெல்லி மெட்ரோவில் 2010 முதல் முதல் பெட்டி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இவற்றால் நெரிசல் தீர்ந்துவிடவில்லை. ஆனால் உள்ளே நிற்கும் பெண்ணின் மனசில் இருந்த ஒரு பாரம் இறங்கியது.

கைப்பிடிக் கம்பியும் கவனிக்க வேண்டிய ஒன்று. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர். உயரமான ஆணை மனசில் வைத்துக் கம்பியைப் பொருத்தினால் பாதிப் பயணிகளுக்கு அது எட்டாது. எட்டாதவர் பிரேக் போடும்போதெல்லாம் அடுத்தவர் மேல் சாய்வார். சங்கடமும் சண்டையும் இங்கிருந்துதான் தொடங்கும். ஒரு தொங்கு பிடி வைத்தால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

பயணச் செலவும் மனசோடு சேர்ந்ததுதான். டெல்லியில் 2019-இலும், தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பஸ்களில் 2021-இலும், கர்நாடகத்தில் 2023-இலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. பஸ்ஸுக்குக் காசு கொடுங்கள் என்று வீட்டில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எங்கே போகிறாய் என்ற கேள்விக்கும் பாதி வேலை குறைந்தது.

படிக்கத் தெரியாதவருக்கும் வழி தெரிய வேண்டும்

புது ஊரில் தொலைந்துபோவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எழுத்துத் தெரியாதவருக்கு அது பல மடங்கு. பஸ் வந்ததும் யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் ஏளனமாகப் பார்ப்பார்களோ என்று கூச்சம் வரும்.

மெக்சிகோ நாட்டின் தலைநகரில் 1969-இல் மெட்ரோ ரயில் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படமும் வைத்தார்கள். லான்ஸ் வைமன் என்ற ஓவியர் அந்தப் படங்களை அமைத்தார். சப்புல்தெபெக் என்ற நிலையத்துக்கு ஒரு வெட்டுக்கிளி. அந்தப் பெயருக்கே வெட்டுக்கிளிக் குன்று என்றுதான் பொருள். படிக்கத் தெரியாதவரும் வெட்டுக்கிளியைப் பார்த்து இறங்கிக்கொள்வார். படித்தவருக்கும் அது உதவியது. வேற்று மொழிக்காரருக்கும் உதவியது.

டெல்லி மெட்ரோவில் வழித்தடங்களுக்கு நிறத்தைப் பெயராக வைத்தார்கள். சிவப்பு வழி, மஞ்சள் வழி, நீல வழி. மாறி ஏறும் நிலையத்தில் தரையில் பாதச் சுவடுகளை ஒட்டினார்கள். உரிய நிறத்துச் சுவடுகளின் பின்னால் நடந்தால் உரிய ரயில் வந்துவிடும். கண் தெரியாதவருக்காகத் தரையில் புடைத்த ஓடுகள் பதித்தார்கள். காலாலும் கோலாலும் அவர் வழியைத் தடவி அறிவார். பலவீனமானவருக்கு என்று செய்யும் வசதி, முடிவில் எல்லோருக்கும் பயன்படுகிறது.

இரண்டு அங்குல மெத்தை

வசதி என்பது பணக்காரருக்குத்தான் என்று ஒரு நினைப்பு நம் நாட்டில் இருந்தது. ரயிலில் முதல் வகுப்புக்கு மெத்தை. இரண்டாம் வகுப்புக்கு வெறும் பலகை. இரவு முழுவதும் பலகையில் படுத்து வந்தவர் காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

1977 முதல் 1979 வரை மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்தார். இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளில் இரண்டு அங்குல நுரை மெத்தை போட அவர் ஏற்பாடு செய்தார். முதல் வகுப்பைத் தாழ்த்துவது நோக்கம் அல்ல, இரண்டாம் வகுப்பை உயர்த்துவதே நோக்கம் என்பது அவர் கருத்து. 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. தொடங்கிய காலத்தில் அதில் வகுப்பு வேறுபாடே இருக்கவில்லை.

இரண்டு அங்குலம் என்பது இரண்டு விரல் மூட்டு அளவு. அவ்வளவுதான். ஆனால் அன்று முதல் கோடிக்கணக்கான ஏழைப் பயணிகள் ரயிலில் முதுகு நோகாமல் படுத்தார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் உண்டு. 'நம்மையும் மனிதராக நினைத்திருக்கிறார்கள்' என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது.

மனசைப் புரிந்தால் உயிரைக் காக்கலாம்

மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்கள். கடக்காதே என்று எழுதி வைத்தார்கள். அபராதம் போட்டார்கள். மக்கள் கடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

2010-ஆம் ஆண்டு வாக்கில் வடாலா என்ற இடத்தில் வேறு விதமாக யோசித்தார்கள். மக்கள் ஏன் கடக்கிறார்கள்? அவர்கள் சாக விரும்புகிறவர்கள் அல்ல. ரயில் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறார்கள். மிகப் பெரிய பொருள் ஒன்று எதிரே வரும்போது அது மெதுவாக வருவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். கண் செய்யும் இந்தத் தவறுதான் உயிரை வாங்குகிறது.

அதனால் மூன்று காரியங்கள் செய்தார்கள். தண்டவாளத்தின் அடியில் உள்ள குறுக்குக் கட்டைகள் சிலவற்றுக்கு இடைவெளி விட்டு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். ரயில் வர வர மஞ்சள் கட்டைகள் சட்சட்டென்று மறைவதைப் பார்த்தால் அதன் வேகம் புரியும். ஒரே நீளமாக ஒலித்த ஊதலை இரண்டு சிறு ஊதல்களாக மாற்றினார்கள். இரண்டுக்கும் நடுவே வரும் அமைதி காதைத் திருப்பும். ரயில் தன் மேல் ஏற வருவதைக் கண்டு அலறும் ஒரு மனிதரின் முகத்தைப் படமாக வைத்தார்கள். எழுத்தை ஒதுக்கிவிட்டுப் போகலாம். அந்த முகத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

வடாலாவில் இறப்புகள் குறைந்தன. பிறகு வேறு இடங்களிலும் இதைச் செய்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. சில டப்பா வண்ணமும் கொஞ்சம் யோசனையும்தான் செலவு. எனினும் நடைமேம்பாலம் பக்கத்தில் இருந்தால், அதில் ஏறுவது எளிதாகவும் இருந்தால், யாரும் தண்டவாளத்தில் இறங்க மாட்டார்கள். அதையும் சேர்த்துச் செய்தால்தான் வேலை முழுமையாகும்.

ஒரு கடிதம் செய்த வேலை

இத்தனை மாற்றங்களும் தாமாக வந்தவை அல்ல. யாரோ சொன்னார்கள். யாரோ கேட்டார்கள்.

1909-ஆம் ஆண்டு. வங்காளத்தில் ஒகில் சந்திர சென் என்பவர் ரயிலில் போனார். பலாப்பழம் அதிகம் சாப்பிட்டிருந்தார். வயிறு உப்பிவிட்டது. அக்காலத்தில் கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கினார். அதற்குள் கார்டு ஊதிவிட்டார். ரயில் நகர்ந்தது. ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டி. ஓடினார். நடைமேடையில் எல்லோர் முன்னாலும் விழுந்தார். ரயில் போய்விட்டது.

அவர் வெட்கப்பட்டுச் சும்மா இருக்கவில்லை. சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நடந்ததை மறைக்காமல் எழுதினார். கார்டுக்கு அபராதம் போடச் சொன்னார். இல்லாவிட்டால் பத்திரிகைக்குச் சொல்வேன் என்றார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறைதான். கடிதம் முழுக்கப் பிழைகள். ஆனால் விஷயம் தெளிவாக இருந்தது. கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு இந்தக் கடிதமே காரணம் என்று சொல்வார்கள். புது டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். படிப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள்.

பயணிகள் என்ன கேட்கலாம்?

மாற்றுத்திறனாளிகள் பஸ், ரயில் வசதிகளைப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இன்னும் உறுதியாகச் சொல்கிறது. ஆகவே இவற்றைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. ஒவ்வோர் ஊரிலும் கேட்கக் கூடியவை இவை:

1. பஸ் நிறுத்தத்தில் கூரை, திண்டு, விளக்கு.
2. பெரிய எழுத்தில் ஒரு கால அட்டவணை.
3. நிறுத்தத்திலேயே, ஓரமாக ஒட்டி பஸ் நிற்க வேண்டும். முதியவர் ஏறி முடிக்கும் வரை விசில் ஊதக் கூடாது.
4. தாழ்ந்த படி, எட்டும் கைப்பிடி.
5. கடைசி பஸ் தவறாமல் வர வேண்டும்.

மனு எழுதும்போது பஸ் எண், வழித்தடம், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். யாருக்கு என்ன கஷ்டம், என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். அதைப் பஸ் பணிமனையின் கிளை மேலாளரிடம் கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானமாகவும் வைக்கலாம். பலர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமாக, பஸ்ஸில் ஏறாமல் வீட்டில் இருந்துவிட்ட அந்தப் பாட்டியைப் போன்றவர்களையும் கேட்டு எழுத வேண்டும். ஏன் போகவில்லை என்று அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எழுத்தில் ஒன்றிரண்டு பிழை இருந்தால் பரவாயில்லை. ஒகில் சந்திர சென்னின் கடிதத்திலும் பிழைகள் இருந்தன.